தீயில்லாமல் எரியும் மரம்

“காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்து, கட்டைகளையும் கிளைகளையும் கொல்லையில் குவித்து மூன்று வருடமாகிறது. குவியலின் அடியில் கிடந்ததெல்லாம் கையில் எடுத்தால் நார்நாராகப் பிய்ந்து வருகிறது. மேலே கிடப்பதோ இன்னமும் விறகாகவே இருக்கிறது. ஒரே மரம், ஒரே வெயில், ஒரே மழை. ஏன் இந்த வித்தியாசம்? பேசாமல் கொளுத்திவிடலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: கொளுத்த வேண்டாம். முதல் கேள்வியை அப்படி ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குவியலின் அடியில் நடந்திருப்பது உயிர்வேதியியலின் மிக அழகான வேலைகளில் ஒன்று.

பள்ளியில் படித்ததை வேகமாக நினைவுபடுத்திக்கொள்வோம். உலர்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். காற்றிலிருந்த கரியமில வாயுவை இலைகள் வாங்கிச் சேர்த்த சொத்து அது. கட்டை எரிந்தாலும் மக்கினாலும் கடைசியில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராகவும் திரும்பிப் போகிறது. கணக்கு ஒன்றுதான், வழியும் வேகமும் வேறு. கட்டையில் 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ். அதோடு ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலி. மீதியில் பெரும்பங்கு லிக்னின். மரத்தின் இனத்தைப் பொறுத்து 18 முதல் 35 சதவீதம் வரை இருக்கும்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. எந்தக் கண்ணியைப் பார்த்தாலும் ஒரே மாதிரியான இணைப்பு. நொதிகள் பூட்டும் சாவியும் போல வேலை செய்கின்றன என்று பாடத்தில் படித்திருப்போம். செல்லுலோஸில் எல்லாப் பூட்டும் ஒன்றே என்பதால், ஒரு சாவி கிடைத்துவிட்டால் முழுச் சங்கிலியையும் திறந்துகொண்டே போகலாம். அத்தனையும் சர்க்கரை, நல்ல உணவு. ஆனால் அந்தச் சங்கிலிகளைச் சுற்றி லிக்னின் இறுக்கமாகப் படிந்திருக்கிறது. செல்லுலோஸை வெட்டும் நொதி நுழையும் அளவுக்குக்கூட நல்ல மரத்தின் செல்சுவரில் இடைவெளி கிடையாது.

சரி, லிக்னினுக்கும் ஒரு சாவி செய்துகொள்ளலாமே? முடியாது. காரணம், லிக்னின் உருவாகும் விதம். மரம் சில சிறிய வளைய மூலக்கூறுகளைத் தயாரித்துச் செல்சுவருக்குள் அனுப்புகிறது. அங்கே காத்திருக்கும் நொதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பறிக்கின்றன. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு நிலைகொள்ளாமல் தவிக்கும். வேதியியலில் இதைத் தனி உறுப்பு என்பார்கள். அப்படித் தவிக்கும் இரண்டு மூலக்கூறுகள் சந்தித்ததும், எந்த இடத்தில் வாகாகக் கிடைக்கிறதோ அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வரைபடம் ஒன்றும் கிடையாது. ஒரு இணைப்பு கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே, அடுத்தது இரண்டு கார்பன்களுக்கு இடையே, அதற்கடுத்தது இன்னொரு கோணத்தில். பூட்டுக்குப் பூட்டு வேறு. எத்தனை சாவி செய்தாலும் போதாது.

இந்தச் சிக்கலைத் தீர்த்த உயிர்கள்தான் வெள்ளை அழுகல் பூஞ்சைகள். அவை சாவியைத் தேடுவதில்லை. கதவையே தட்டி உடைக்கின்றன.

முதல் வேலை, ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிப்பது. புண்ணைக் கழுவும் அதே பெராக்சைடுதான். பூஞ்சையின் இழை அதைத் தன் உடலுக்கு வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறது. கூடவே லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியையும் வெளியே விடுகிறது. இந்த நொதியின் நடுவில், நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருப்பது போலவே, ஹீம் வளையத்துக்குள் ஓர் இரும்பு அணு இருக்கிறது. பெராக்சைடு வந்து இந்த மையத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. இப்போது நொதிக்கு இரண்டு எலக்ட்ரான் குறைகிறது. குறையை ஈடுகட்ட, பக்கத்தில் இருக்கும் லிக்னின் வளையத்திலிருந்து ஒன்றைப் பிடுங்குகிறது. அப்புறம் இன்னொன்று.

இதில் என்னை மிகவும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. லிக்னின் மிகப் பெரிய மூலக்கூறு. நொதியின் மையத்தில் இருக்கும் இரும்பை அது நெருங்கவே முடியாது. அப்படியானால் எலக்ட்ரான் எப்படிக் கைமாறும்? நொதியின் வெளிப்பரப்பில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. லிக்னின் அதைத் தொட்டால் போதும். எலக்ட்ரான் அந்த டிரிப்டோபான் வழியாகப் புரதத்துக்குள் பாய்ந்து இரும்பைச் சேர்ந்துவிடுகிறது. எலக்ட்ரானை இழந்த லிக்னின் வளையம் நிலைகுலைகிறது, அதன் பிணைப்புகள் தாமாகவே முறிகின்றன. எந்தப் பிணைப்பு, எந்தக் கோணம் என்று நொதி கவலைப்படுவதே இல்லை.

மரம் எலக்ட்ரானைப் பறித்து லிக்னினைக் கட்டியது. பூஞ்சை எலக்ட்ரானைப் பறித்து அதைப் பிரிக்கிறது. இரண்டு வேலையையும் செய்யும் நொதிகள் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

நொதி போக முடியாத இடத்துக்கு வேறு ஏற்பாடு. மாங்கனீசு பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி, மரத்திலேயே சிறிதளவு இருக்கும் மாங்கனீசு அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டு அதை அனுப்பிவைக்கிறது. பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் அந்த அயனியை வழியில் சிதையாமல் பிடித்துக்கொள்ளும். நொதியைவிட அயனி எவ்வளவோ சிறியது. செல்சுவருக்குள் ஊடுருவிப் போய் அங்கே லிக்னினிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது.

லிக்னின் பெராக்சிடேஸை 1983இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழுவைச் சேர்ந்த கென்ட் கிர்க்கும் அவருடைய சக ஆய்வாளரும் 1987இல் இந்த நிகழ்வை “நொதிவழி எரிதல்” என்று வர்ணித்தார்கள். பொருத்தமான வர்ணனை. தீயும் ஆக்சிஜனேற்றம்தான், இதுவும் ஆக்சிஜனேற்றம்தான். தீக்குப் பல நூறு டிகிரி வெப்பம் வேண்டும். பூஞ்சைக்குக் கொல்லையின் சாதாரண வெப்பநிலையே போதும்.

இவ்வளவு பாடுபட்டும் லிக்னினால் பூஞ்சைக்கு லாபம் இல்லை. அதை மட்டும் தின்று பூஞ்சை உயிர்வாழ முடியாது. உள்ளே பூட்டிக் கிடக்கும் செல்லுலோஸுக்காகத்தான் இந்த உழைப்பு.

பழுப்பு அழுகல் பூஞ்சைகள் வேறு தந்திரம் வைத்திருக்கின்றன. பெராக்சைடையும் இரும்பு அயனியையும் சேர்த்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்கி, லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு செல்லுலோஸைத் துண்டாடுகின்றன. ஊசியிலை மரங்களில் இது அதிகம். எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. கட்டை பழுப்பாகி, சிறு சிறு கட்டங்களாக வெடித்து, விரலில் நசுக்கினால் பொடியானால் பழுப்பு அழுகல். வெளுத்து, பஞ்சு போல எடை இல்லாமல், நாராகப் பிய்ந்தால் வெள்ளை அழுகல். வாசகருடையது இரண்டாவது வகை. அந்தக் கட்டையைக் குறுக்கே உடைத்துப் பார்த்தால் பேனாவால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியக்கூடும். அருகருகே வளரும் இரண்டு பூஞ்சைகள் மெலனின் என்ற கறுப்பு நிறமியைப் படியவைத்துப் போட்டுக்கொண்ட எல்லைச் சுவர்கள் அவை.

31 பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, லிக்னினை உடைக்கும் இந்த நொதிகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று கணித்தது. பூமியின் பெரும் நிலக்கரிப் படிவுகள் உருவான காலம் முடிவதும் அதையொட்டித்தான். மரத்தை மக்கவைக்க ஆளில்லாததால்தான் அவ்வளவு நிலக்கரி சேர்ந்தது என்ற வாதம் இதனால் பிரபலமானது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்து, அக்காலத்துச் சதுப்பு நிலங்களும் தாழ்ந்துகொண்டே போன படுகைகளுமே காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் வாதமே வலுவாகப் படுகிறது.

இப்போது குவியலுக்கு வருவோம். பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். கட்டையின் உலர் எடையில் 20 சதவீதத்துக்கும் கீழே ஈரம் போய்விட்டால் அழுகல் நின்றுவிடும். மேலே கிடக்கும் கிளைகள் மழையில் நனைந்தாலும் அடுத்த வெயிலில் காய்ந்துவிடுகின்றன. அடியில் இருப்பவை மண்ணின் ஈரத்தில் கிடக்கின்றன. காற்றும் வேண்டும், ஏனென்றால் நடப்பது எரிதல். நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மரம் அவ்வளவு எளிதில் அழுகாது. 1628இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா என்ற மரக்கப்பலை 1961இல் வெளியே எடுத்தபோது அது ஏறக்குறைய முழுதாகவே இருந்தது. அங்கே மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் இல்லாதது கூடுதல் அதிர்ஷ்டம்.

மூன்றாவது தேவை நைட்ரஜன். மக்கு உரம் நன்றாக ஆவதற்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நல்லது. கட்டையிலோ கார்பன் பல நூறு பங்கு. மண்ணைத் தொட்டுக் கிடக்கும் கட்டைக்கு, பூஞ்சை இழைகள் மண்ணிலிருந்து நைட்ரஜனைக் கடத்திக்கொண்டு வருகின்றன. அந்தரத்தில் நிற்கும் கிளைக்கு அந்த வசதி இல்லை. வாசகரின் முதல் கேள்விக்கு இதுதான் முழுப் பதில்.

ஆகவே செய்ய வேண்டியது, மேலே இருப்பதைக் கீழே இறக்குவது. கிளைகளை வெட்டி, தரையோடு தரையாகப் பரப்பி, இலைச் செத்தையையும் புல்லையும் மேலே போட்டு அவ்வப்போது நனைக்கலாம். உயரமான, பொந்து நிறைந்த குவியலில் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தாழ்வாகப் பரப்பினால் அந்தப் பயமும் குறையும். கிளைகளைச் சில்லுகளாக நறுக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. பூஞ்சை தாக்கப் பரப்பு பன்மடங்காகும். ஆனால் புதுச் சில்லையும் மரத்தூளையும் மண்ணுக்குள் கிளறிவிடாதீர்கள். அதை மக்கவைக்கும் உயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ள, செடிகள் வெளுத்துப் போகும். மேலே மூடாக்காகப் போட்டால் அந்தத் தொல்லை பெரிதாக இருக்காது.

எல்லாவற்றையும் வீட்டுச் சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளியே வையுங்கள், கரையானுக்காக. கரையானும் இந்த வேலையைத் தனியாகச் செய்வதில்லை. சில இனங்கள் குடலில் நுண்ணுயிர்களை வைத்திருக்கின்றன. சில இனங்கள் புற்றுக்குள் பூஞ்சையைப் பயிர்செய்து, அதையே மரத்தைச் செரிக்கவைத்து உண்கின்றன. மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவது.

கொளுத்தினால் என்ன ஆகும்? பச்சைக் கட்டையின் எடையில் பாதி வரை நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பம் தீயிலிருந்தே போகிறது. தீ குளிர்கிறது. மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுதாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. கார்பன் மோனாக்சைடும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களும், புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீனும் அதில் உண்டு. அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் அதை அனுப்ப யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

இரவில் மக்கும் கட்டை பச்சையாக ஒளிர்ந்தால் பயப்பட வேண்டாம். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைகளில் சில உண்மையாகவே ஒளிரும். அந்த ஒளியைத் தரும் மூலக்கூறு எதுவென்று 2015இல் அடையாளம் கண்டுவிட்டார்கள். பேய் என்றும் பிசாசு என்றும் சொல்லிப் பிள்ளைகளை விரட்டாமல், விளக்கை அணைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பூஞ்சைகளில் இதுவரை பெயரிடப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். மொத்தம் 22 லட்சம் முதல் 38 லட்சம் இனங்கள் இருக்கலாம் என்று 2017இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்றைக்கூட நாம் இன்னும் அடையாளம் காணவில்லை. சாவி தேடாத இந்த வேதியியல் டி.டி.டி. பூச்சிக்கொல்லியையும் சிதைக்கும் என்று 1985இலேயே தெரிந்துவிட்டது. சாயக் கழிவின் நிறத்தையும் அது நீக்குகிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் பூஞ்சையியலுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதத்துக்கொரு கருவி வாங்கும் ஆய்வகத்தைவிட, பூஞ்சையைப் பார்த்த மாத்திரத்தில் இனம் சொல்லத் தெரிந்த நான்கு பேரை வேலைக்கு வைக்கும் ஆய்வகம் இன்று அதிகம் தேவை.

வாசகர் கடைசியாக அடிக்கட்டையைப் பற்றியும் கேட்டிருக்கிறார். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், மண் கெடும், பூஞ்சையும் சாகும். கட்டையைத் தரைமட்டத்துக்கு அறுத்து, ஆழமாகத் துளைகள் போட்டு, மண்ணையும் மக்கு உரத்தையும் நிரப்பி ஈரமாக மூடிவைத்தால் பூஞ்சை தானே வந்து சேரும். வைரம் பாய்ந்த கட்டையென்றால் வருடக்கணக்கில் ஆகும். ஒன்றே ஒன்று: மரம் நோயில் பட்டு, அடியில் பலகை போன்ற கடினமான காளான் வளர்ந்திருந்தால் அந்தத் தூரை விட்டுவைக்காதீர்கள். கானோடெர்மா போன்ற பூஞ்சைகள் வேர் வழியாகப் பக்கத்தில் நிற்கும் உயிருள்ள மரத்துக்கும் போகக்கூடியவை. வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.