முடியளவு நீட்சியில் நிற்கும் படி

வாசகர் ஒருவர் தம் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏறுவதற்காக மடக்குப் படி ஒன்று வாங்கியிருக்கிறார். கூடவே வந்தவை இரண்டே இரண்டு 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள். நட்டு கழலாமலிருக்கப் போடும், ஓரிடத்தில் வெட்டிய வளையமான ஸ்பிரிங் வாஷர் இல்லை. "இந்த இரண்டு போல்ட் என் எடையைத் தாங்குமா? ஸ்பிரிங் வாஷரை நானே வாங்கிப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். தாங்கும். ஸ்பிரிங் வாஷர் வேண்டாம். இரண்டு பதில்களுக்கும் காரணம் ஒன்றே.

பொருத்துவது கடினமில்லை. படியைத் தொட்டியின் மெல்லிய தகட்டில் மாட்டுவதில்லை. அடியில் ஓடும் சேஸிஸ் சட்டத்தில், ஏற்கெனவே இருக்கும் துளைகளில் மாட்டுகிறோம். புதுத் துளை போடாதீர்கள். சட்டம் வளையும்போது தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் விசைநெருக்கம், உச்சத்தை எட்டுவது அதன் மேல், கீழ் விளிம்புகளில். அங்கே விழும் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். டயர், சைலன்சர் குழாய், பிரேக் குழாய் எதிலும் படி உரசக் கூடாது.

இனி எடைக்கு வருவோம். 80 கிலோ எடையுள்ளவர் சட்டத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி மிதிக்கிறார். படியைச் சட்டத்தோடு பிணைக்கும் பிராக்கெட் தன் கீழ் விளிம்பை ஊன்றிக்கொண்டு வெளிப்பக்கம் சாயப் பார்க்கிறது. மேல் போல்ட் அந்த விளிம்பிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருந்தால், பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்குப்படி அதன்மேல் விழும் இழுப்பு 80 × 30 ÷ 8, அதாவது 300 கிலோ. நிதானமாக ஏறாமல் முழு எடையையும் சட்டென்று படியில் போட்டால் இது இரு மடங்காகி 600 கிலோவைத் தொடும். இந்த எண்ணைப் பார்த்தால் வாசகரின் கவலை நியாயமானதுதான்.

ஆனால் போல்ட்டை நாம் சும்மா செருகி வைப்பதில்லை, முறுக்குகிறோம். 8.8 என்ற வலிமைத் தரமுள்ள 10 மி.மீ. போல்ட்டை ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் (முறுக்கின் அலகு) அளவுக்கு இறுக்கினால், அதற்குள் உருவாகும் இழுவிசை சுமார் இரண்டரை டன். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாகிறது. மற்றதெல்லாம் மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வாகப் போய்விடும். போல்ட்டில் எண்ணெய் பூசிவிட்டு அதே முறுக்கைக் கொடுப்பது ஆபத்தாவது இதனால்தான்: உராய்வு குறைய, இழுவிசை எல்லை மீறி ஏறிவிடும்.

அந்த இரண்டரை டன் போல்ட்டுக்குள் எப்படித் தங்குகிறது? போல்ட் நீள்கிறது. எஃகும் ஸ்பிரிங்தான், மிக விறைப்பான ஸ்பிரிங். போல்ட் தலைக்கும் நட்டுக்கும் நடுவே 30 மி.மீ. பிடிப்பு நீளம் இருந்தால் அது நீள்வது சுமார் 0.06 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன்! போல்ட் அவ்வளவு நீளும்போது நடுவில் மாட்டிக்கொண்ட தகடுகளான பிராக்கெட்டும் சட்டமும் அமுங்குகின்றன. இப்போது ஒருவர் படியில் ஏறினால், அந்த இழுப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே அமுங்கியிருக்கும் தகடுகளின் அமுக்கத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. தகடுகள் போல்ட்டைவிட நான்கு மடங்கு விறைப்பானவை என்று கொண்டால், 600 கிலோவில் போல்ட் கூடுதலாக உணர்வது 120 கிலோதான். ஆயிரம் முறை ஏறி இறங்கினாலும் போல்ட்டுக்குப் பெரிய ஏற்றஇறக்கம் தெரியாது. ஏற்றஇறக்கம் இல்லாத இடத்தில், திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடும் உலோகச் சோர்வும் எளிதில் வராது. இறுக்கமே இல்லாத போல்ட்டுக்கோ ஒவ்வொரு முறையும் முழு 600 கிலோவும் அடியாக விழும். அதிக இழுவிசையில் வைக்கப்பட்ட போல்ட்தான் அதிக நாள் உழைக்கிறது என்ற இந்த உண்மை, எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிப்பதில்லை.

கழன்றுகொள்வதன் கதையும் இதே இழுவிசையில்தான் இருக்கிறது. 10 மி.மீ. போல்ட்டின் மரையை விரித்துப் பார்த்தால் அது சுமார் 3 பாகை சாய்ந்த ஒரு சரிவு. உலர்ந்த எஃகின் உராய்வு 8 பாகைச் சரிவிலும் வழுக்க விடாது. அப்படியிருந்தும் நட்டுகள் கழல்கின்றன. 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் காரணத்தைக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, தகடுகளைப் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க வைக்கும் அதிர்வுதான் மிகக் கொடியது. ஒரு பொருள் ஒரு திசையில் வழுக்கத் தொடங்கிவிட்டால், அதன் உராய்வு முழுவதும் அந்தத் திசையை எதிர்ப்பதிலேயே செலவாகிவிடும்; குறுக்கே தள்ள விரல் நுனி போதும். மரை பக்கவாட்டில் வழுக்கும் அந்தக் கணத்தில், 3 பாகைச் சரிவில் இரண்டரை டன் நட்டைக் கீழே இறக்கிவிடுகிறது. தகடுகள் சறுக்காமல் இருந்தால் இந்தக் கதையே தொடங்காது. சறுக்காமல் பிடித்துவைப்பதும் அதே இரண்டரை டன்தான்.

ஸ்பிரிங் வாஷர் இதில் என்ன செய்ய முடியும்? இரண்டரை டன்னில் சிறு பங்கு வந்தாலே அது தட்டையாகிவிடும். பிறகு அது வெறும் வாஷர். இவ்வகை வாஷர் பூட்டுவதற்குப் பயனற்றது என்று நாசாவின் 1990ஆம் ஆண்டுக் கையேடே சொல்லிவிட்டது. இருந்தும் பட்டறைக்குப் பட்டறை அதைப் போடுகிறார்கள். சோதித்துப் பார்க்காமல் வழிவழியாகச் செய்வது மூடநம்பிக்கைதான். கையில் ஸ்பானர் இருப்பதால் அது அறிவியலாகிவிடாது. யுங்கரின் சோதனைக் கருவியை எந்தப் பொறியியல் கல்லூரியும் கட்டிவிடலாம். கவர்ச்சியான தலைப்புகளுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இத்தகைய ஆய்வுக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிர்கள் போல்ட்டை நம்பித்தான் தொங்குகின்றன.

வாசகர் உண்மையில் அஞ்ச வேண்டியது பெயின்ட்டுக்கு. பவுடர் பூச்சின் தடிமன் பெரும்பாலும் 0.06 முதல் 0.1 மி.மீ. வரை. அழுத்தத்தில் அது 0.02 மி.மீ. நசுங்கினாலே, நீட்சியில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். இழுவிசையிலும் அவ்வளவே போகும். எனவே ஒட்டும் முகங்களில் கனத்த பூச்சு இருந்தால் தேய்த்தெடுத்து, மெல்லிய துருத்தடுப்புப் பூச்சு மட்டும் கொடுங்கள். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, படியோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு திரும்பினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். கோடு முறியாமலேயே பூச்சு நசுங்கி இழுவிசை குறையலாம் என்பதால், கொஞ்ச தூரம் ஓட்டிய பின் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். இணைப்பின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால், தகடுகள் ஏற்கெனவே உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அப்போது அந்த போல்ட்டை மறுபடி இறுக்காதீர்கள். கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள்.