தொழிற்பழகுநர்

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் அறிவிப்புகளில் ‘தொழிற்பழகுநர்’ என்று அச்சாகும் சொல், பணிமனைக்குள் நுழைந்ததும் ‘அப்ரண்டிஸ்’ ஆகிவிடுகிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் அல்லது பட்டப்படிப்பை முடித்து, ஒப்பந்தத்தின்பேரில் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுவனத்திலேயே வேலை கற்று, சம்பளம் அல்லாமல் உதவித்தொகை பெறுபவரையே இவ்விரு சொற்களும் குறிக்கின்றன.

‘அப்ரண்டிஸ்’ என்ற சொல்லை ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து பெற்றது. அதற்கும் மூலமான ‘அப்ரெஹெண்டெரே’ என்னும் இலத்தீன் வினைக்குப் பற்றிப்பிடித்தல் என்பது பொருள். கையால் பற்றுவது நாளடைவில் மனத்தால் பற்றுவதாகி, கற்றலைக் குறித்தது. ஒருவரைக் கைது செய்வதைச் சொல்லும் ‘அப்ரிஹெண்ட்’ என்ற ஆங்கில வினையும் இதே வேரில் கிளைத்தது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை.

காவிரிப் படுகையில் இச்சொல் ஊன்றியதற்கு ரயில்வே முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்து, 1928-இல் திருச்சியை ஒட்டிய பொன்மலைக்கு மாறியது. ரயில்வேக்காரர்கள் இன்றும் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்றே சொல்கிறார்கள். அந்த ‘ஆக்ட்’ என்பது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். ஆதரவற்ற சிறுவர்களையும் ஏழைச் சிறுவர்களையும் தொழில் கற்க ஒப்படைப்பதற்கென்று 1850-இலேயே ஒரு சட்டம் இருந்தது என்றாலும், பொதுத்துறை நிறுவனங்களின் இன்றைய பயிற்சி முறை 1961-இன் சட்டத்தைச் சார்ந்தது.

தமிழில் இதற்குப் ‘பயிற்சியாளர்’ என்று எழுதுவோர் உண்டு. அச்சொல் பயிற்சி அளிப்பவரையும் பெறுபவரையும் ஒருங்கே சுட்டுவதால், “பயிற்சியாளர் வராத நாளுக்குத் தொகை கிடையாது” என்ற அறிவிப்பைப் படிப்பவர் யாருக்குத் தொகை கிடையாது என்று திகைக்க நேரும். ‘பயிற்சிப் பணியாளர்’ என்பது இன்னும் பிழையானது. பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்று சட்டத்தின் 18-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கிடைத்தே தீரும் என்ற உறுதியும் சட்டத்தில் இல்லை. பயிற்சி முடித்த பழகுநர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பதே 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கடமை. வேலையில் அமர்த்தப்பட்ட பிறகு சோதனைக் காலத்தில் இருப்பவர் வேறு. அவர் ‘தகுதிகாண் பருவத்தினர்’.

‘பழகு’ என்ற வினையே இங்குப் பொருந்துகிறது. ஏருக்குப் புதிய காளையைப் பழக்கும்போது பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டுவார்கள். பணிமனையில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். பேருந்துக்கு அடியில் உள்ள குழியில் மூத்தவரோடு இறங்கி நிற்கும் இளைஞர், பிரேக் டிரம்மைக் கழற்றும் நேரத்தில், அவர் கேட்பதற்கு முன்பே சரியான அளவு ஸ்பானரை எடுத்து நீட்டுகிறார் என்றால், அவருக்கு வேலை பழகிவிட்டது என்று பொருள். ‘பயில்’ என்ற வினைக்கும் திரும்பத் திரும்ப நிகழ்தல், நெருங்குதல் என்ற பழம்பொருள்கள் உண்டு. ஆனால் அது இன்று ஏட்டுக் கல்வியின் பக்கம் சாய்ந்துவிட்டதால் ‘பயிலுநர்’ என்பதைவிடப் ‘பழகுநர்’ மேல்.

எழுத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஓட்டுநர், நடத்துநர் போலவே இதுவும் ‘நர்’ விகுதி பெற்ற சொல். ‘பழகுனர்’ என்று எழுதுவது பிழை. வாகனம் ஓட்டக் கற்பவருக்கு வழங்கப்படுவதும் ‘பழகுநர் உரிமம்’ என்பதால், போக்குவரத்துக் கழகக் கோப்புகளிலாவது ‘தொழில்’ என்ற முன்னொட்டை விடாமல், லகரம் றகரமாகத் திரியும் புணர்ச்சியோடு ‘தொழிற்பழகுநர்’ என்று முழுமையாக எழுதுவதே முறை.