தாய் வரிக்கோழி, குஞ்சு கறுப்பா?

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு அம்மா கரப்பைத் தூக்கிக் காட்டினார். அடை வைத்தது கறுப்பு வெள்ளை வரி போட்ட பேட்டின் முட்டை. வளர்ந்த பேட்டுக்குஞ்சுகளோ அத்தனையும் தனிக் கறுப்பு. "முட்டைய மாத்தித் தந்திட்டாங்களோ ஐயா?" என்றார். முட்டை கொடுத்த அயல்வீட்டாரோடு கதைபேச்சே நின்றுபோயிருந்தது.

யாரும் மாற்றவில்லை. அயல்வீட்டு முற்றத்தில் மேய்வது கறுப்புச் சேவல். வரிக்குரிய மரபணு, குஞ்சு சேவலா பேடா என்று தீர்மானிக்கிற பால் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பேட்டிடம் அது ஒன்றுதான் இருக்கும், அதையும் ஆண்குஞ்சுக்கே கொடுக்கும். பேட்டுக்குஞ்சுக்கு வரி வேண்டுமானால் தகப்பன் சேவலுக்கு வரி இருக்கவேண்டும். இந்தச் சோடியில் ஒரு வசதியும் உண்டு: பொரித்த அன்றே கறுப்புக் குஞ்சின் உச்சந்தலையைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பேடு.

வரி நிலைக்கவேண்டும் என்று கூடப்பிறந்த சேவலையும் பேட்டையும் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு மூன்று தலைமுறையில் கூமுட்டை கூடும், பொரிக்கிற குஞ்சும் நோஞ்சானாகும். வேறு ஊர் வரிச்சேவல் ஒன்றை மாற்றி எடுங்கள்.

மஞ்சள் கால் வேறு கணக்கு. அது ஒடுங்கு இயல்பு, தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். வெள்ளைக்கால் கலந்தால் முதல் தலைமுறையில் மறைந்துவிடும். அந்தக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால் நாலில் ஒன்றுக்குத் திரும்ப வரும். இந்த மரபணு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். மரபணு இருந்தாலும் நிறம் தீனியிலிருந்துதான் வரவேண்டும்: மஞ்சள் சோளம், பச்சைக் கீரை, புல்.

எனக்கு மனம் பொறுக்காதது, கால் வெளிறிவிட்டது என்று பேட்டை இறைச்சிக்குக் கொடுப்பது. செங்கலடியில் ஒருவர் ஐந்து பேடுகளைக் கால் கட்டி வைத்திருந்தார். ஒன்றைத் தூக்கி, பின்பக்கத்து இடுப்பெலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் தாராளமாகப் போனது. மலவாய் அகன்று ஈரமாக, மஞ்சளே இல்லாமல் இருந்தது. முட்டையிடும் பேடு தீனியில் வரும் மஞ்சளை மஞ்சட்கருவுக்குக் கொடுத்துவிடும். முதலில் மலவாய், பிறகு கண்விளிம்பு, சொண்டு, கடைசியில் கால் வெளிறும். மாதக்கணக்கில் ஓயாமல் இட்ட பேட்டுக்குத்தான் கால் அப்படி வெளிறும். (காற்செதில் தூக்கிச் சொரசொரத்தால் அது உண்ணிச் சொறி, வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் ஊறவைத்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொடர்ந்து பூசுங்கள்.)

அவர் கட்டை அவிழ்த்து, ஐந்தையும் திரும்பக் கொண்டுபோனார். கால் வெளிறினாலும் மரபணு எங்கும் போகாது. மஞ்சள் கால் சேவலோடு விட்டு, அந்தப் பேடுகளின் முட்டையையே அடைக்கு எடுக்கச் சொன்னேன்.