வைக்கிங் வாரிசும் 859 கோடி மூதாதையரும்

கனடாவிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடன் வேலை பார்க்கும் ஆங்கிலேய வம்சாவளி நண்பர் டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டார். 14 சதவீதம் ஸ்காண்டிநேவியர் என்று முடிவு வந்தது. அன்றிலிருந்து தாடி வளர்க்கிறார், கழுத்தில் தோர் தெய்வத்தின் சுத்தியல் தொங்குகிறது. அவர் உண்மையிலேயே வைக்கிங் வாரிசா?"

வைக்கிங் என்றால் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து (இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க்) கப்பலேறிக் கொள்ளைக்கும் வணிகத்துக்கும் போனவர்கள். நண்பர் அவர்கள் வாரிசாகத்தான் இருப்பார். அதைச் சொல்ல உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து அனுப்பியிருக்க வேண்டியதில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அவர்களைப் பெற்றவர்கள் 8. தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால் 1000 ஆண்டுக்கு 33 தலைமுறை. அந்த வரிசையில் மட்டும் 859 கோடி மூதாதையர் இடங்கள். அன்றைய உலக மக்கள்தொகையோ சுமார் 30 கோடி. ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வந்தால்தான் கணக்கு நேராகும். ஐரோப்பாவின் இரு முனைகளில் வாழ்பவர்களுக்கும் கடந்த 1000 ஆண்டுகளுக்குள் பொது மூதாதையர் ஏராளம் என்று 2013இல் மரபணு ஆய்வாளர்கள் பீட்டர் ரால்ஃப், கிரஹாம் கூப் இருவரும் காட்டினார்கள். கொள்ளையடிக்கப் போனவனும் கொள்ளை போனவனும் அதே நண்பரின் பாட்டன்மார்தான்.

என்னை மயக்குவது இதற்கு அடுத்த படி. மூதாதையராக இருந்துவிட்டால் அவருடைய மரபணு நம்மிடம் இருந்தே தீரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, சில இடங்களில் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதுதான் குறுக்கேற்றம். ஆணிடம் சராசரியாக 26, பெண்ணிடம் 40 இடங்களில் இது நடக்கும். ஆகவே நம் மரபணுத் தொகுதி முன்னோர்களிடமிருந்து பொடிப்பொடியாக வருவதில்லை, நீளநீளமான துண்டுகளாகவே வருகிறது. ஒரு தலைமுறை பின்னே போனால் துண்டுகளின் எண்ணிக்கை சுமார் 66 மட்டுமே கூடுகிறது. மூதாதையர் எண்ணிக்கையோ இரட்டிக்கிறது. பத்தாம் தலைமுறையில் 1024 பேர், துண்டுகள் சுமார் 640. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு துண்டும் கிடையாது! அவர்கள் இல்லாவிட்டால் நாம் பிறந்திருக்க மாட்டோம், ஆனால் நம் உடலில் அவர்கள் இல்லை. 33ஆம் தலைமுறைக்குப் போனால் 859 கோடி இடங்களுக்குச் சுமார் 2150 துண்டுகள். நண்பர் பெருமையோடு நினைத்துக்கொள்ளும் அந்தக் கோடரிக்காரன் ஒரு துண்டைக்கூட விட்டுவைக்காமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் 14 சதவீதம்? நிறுவனங்கள் ஒப்பிடுவது பெரும்பாலும் இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மக்களின் மரபணுவோடு. அவர்களைப் போன்ற துண்டுகள் இத்தனை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. வைக்கிங்குகளுக்கு முன்பே, ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிலோ-சாக்சன்கள் ஏறக்குறைய அதே வட்டாரத்திலிருந்துதான் இங்கிலாந்துக்கு வந்தார்கள். இருவரின் துண்டுகளையும் பிரித்தறிவது பெரும்பாடு.

வைக்கிங்குகளே தூய ரத்தம் பேசியவர்களாகத் தெரியவில்லை. 2020இல் வெளியான ஆய்வு 442 பழங்கால மனிதர்களின் மரபணுவைப் படித்தது. தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆசியப் பக்கமிருந்தும் வந்த கலப்பு அதில் தெரிந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் வாளோடு வைக்கிங் முறைப்படி புதைக்கப்பட்ட இருவர், மரபணுவில் இன்றைய ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களை ஒத்திருந்தார்கள். வைக்கிங் என்றதும் நினைவுக்கு வரும் கொம்பு வைத்த தலைக்கவசமோ 1876இல் ஜெர்மானிய இசைநாடக மேடையிலிருந்து இறங்கி வந்த சங்கதி.

வைக்கிங் காலத்தில் ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய ஆண்களில் பெரும்பாலோர் நார்வே பக்கத்தவர். பெண்களில் பாதிக்கு மேல் பிரிட்டன், அயர்லாந்துப் பெண்கள் என்கிறது மரபணு. அவர்களில் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 'அடிமைப் பெண்ணின் வாரிசு' என்று சட்டையில் அச்சிட்டுக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

அதே 2020 ஆய்வில் என் மனதைப் பறித்தது எஸ்தோனியாவின் சால்மே கிராமத்துக் கல்லறை. கி.பி. 750 வாக்கில் ஒரு கப்பலில் புதைக்கப்பட்டவர்களில் நால்வர் உடன்பிறந்த சகோதரர்கள்; பக்கத்துப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். 1250 ஆண்டு பழைய எலும்பிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடிகிறது. பரம்பரைப் பெருமைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இத்தகைய ஆய்வுக்கூடங்களுக்குப் போனால், நண்பர் தாடி வளர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.