மணி அடித்தால் யார் முதலில் பேசுவது?

மேசைமேல் கிடக்கும் கைப்பேசி அடிக்கிறது. திரையில் தெரிந்தவர் பெயர்தான். அவர் சண்டைக்காரரும் இல்லை, கடன் கொடுத்தவரும் இல்லை. ஆனாலும் கை நீளவில்லை. அது அடித்து ஓயும்வரை, சுவரில் ஊரும் பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓய்ந்தபின் இரண்டு நிமிடம் பொறுத்து (உடனே அனுப்பினால் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தேன் என்று தெரிந்துவிடுமே) ஒரு குறுஞ்செய்தி தட்டுகிறேன்: 'அழைத்திருந்தீர்களா? என்ன விஷயம்?'

இந்த நாடகத்தைக் கூச்சம் என்றோ சோம்பல் என்றோ பெயர் வைத்து ஒதுக்கிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்வது நொடியின் சிறு பின்னத்துக்குள் நேரம் பார்த்து நடக்கிற காரியம். தொலைபேசி அதில் பாதிக் கம்பிகளை அறுத்துப்போட்டுவிட்டு, மீதியை வைத்து ஒப்பேற்றச் சொல்கிறது. நம் பதற்றத்தில் பெரும்பங்கு அந்த அறுந்த கம்பிகளிலிருந்து வருகிறது.

முதல் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தொலைபேசியை எடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும். இப்படி யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் மீறுபவர் அநேகமாக இல்லை. யோசித்துப் பார்த்தால் விநோதமான விதி. விஷயத்தோடு வந்திருப்பவர் அழைத்தவர். எடுப்பவருக்கோ எதற்கு அழைக்கிறார் என்றே தெரியாது. ஒன்றும் தெரியாதவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லோஃப் இதை ஆராய்ந்து 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். காவல் துறை அலுவலகம் ஒன்றின் தொலைபேசிப் பதிவுகள், ஏறக்குறைய 500 உரையாடல்களின் தொடக்கங்கள், அவர் கையில் இருந்தன. அத்தனையிலும் எடுத்தவரே முதலில் பேசியிருந்தார், ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் எடுத்தவர் வாய் திறக்கவில்லை. ஒரு நொடி மௌனம். பிறகு அழைத்தவர் 'ஹலோ' என்கிறார்.

500-இல் ஒன்றுதானே என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஷெக்லோஃப் போகவில்லை. அந்த ஒன்றும் அடங்கும்படி விதியையே மாற்றி எழுதினார். மணி அடிப்பது வெறும் ஓசையில்லை, அது ஒரு கூப்பாடு. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குச் சமம். எடுத்தவர் சொல்லும் 'ஹலோ' வணக்கம் போலத் தோன்றினாலும் அது செய்யும் வேலை 'என்ன?' என்று குரல் கொடுப்பது. பதில் வராதபோது கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுவார். அந்த ஒற்றை அழைப்பில் அழைத்தவர் சொன்ன 'ஹலோ', வாயால் அடித்த இன்னொரு மணி.

இதில் ஒரு சுவையான பொருத்தம் உண்டு. தாமஸ் எடிசன் 1877 ஆகஸ்ட் மாதம் தந்தி நிறுவனத் தலைவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தொலைபேசிக்கு அழைப்பு மணியே தேவைப்படாது, 'ஹலோ' என்றால் 10 முதல் 20 அடி தூரத்துக்குக் கேட்கும் என்று சொல்லியிருந்தார். தொலைபேசிக்கு 1876-இல் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல்லுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை; மாலுமிகள் கூவும் 'அஹோய்' தான் அவர் விருப்பம். ஆக, எடிசன் கணக்கில் ஹலோவே மணியின் வேலையைச் செய்ய வந்த சொல்.

கூப்பாட்டுக்குப் பதில் சொன்னால் என்ன ஆகும்? அங்கேதான் பொறி இருக்கிறது. 'என்ன?' என்று கேட்டவர் அடுத்து வருவதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எடுத்துவிட்டு 'இப்போது எனக்குப் பேச மனமில்லை' என்று யாராலும் எளிதாகச் சொல்ல முடிவதில்லை. கூட்டத்தில் இருக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன் என்று காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. நம் கையில் இருக்கும் சுதந்திரமெல்லாம் மணி அடித்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்துக்குள்தான். ஆகவே தயக்கமும் சரியாக அந்த இடத்தில் வந்து குவிகிறது.

வீட்டுச் சுவரில் கம்பியோடு தொங்கிய காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. எடுக்கவில்லையென்றால் ஆள் வீட்டில் இல்லை என்று பொருள். குற்றம் யார்மீதும் விழாது. கைப்பேசி உடம்போடு ஒட்டிக்கொண்டபின் அந்த அப்பாவி விளக்கம் செல்லாமல் போய்விட்டது. எடுக்காதது இப்போது ஒரு பதிலாகவே படிக்கப்படுகிறது. திரையில் பெயர் தெரிவதும் ஒன்றைப் பறித்துக்கொண்டது. முன்பு எல்லா அழைப்பும் யாரென்று தெரியாத அழைப்புதான். அதனால் யாரும் அஞ்சவில்லை. இன்று தெரிந்த பெயருக்கு 'ஹலோ'கூட வேண்டாம், நேரே 'சொல்லுங்கள்' என்று எடுக்கிறோம். பெயரில்லாத எண் வந்தால் வாசலில் முகம் மூடிய ஆள் நிற்பதுபோல் இருக்கிறது.

எத்தனை மணிக்குப் பிறகு எடுத்தார் என்று எண்ணுகிற பழக்கம் பலருக்கு உண்டு. முதல் மணியிலேயே எடுத்தால் காத்துக்கிடந்ததாகத் தோன்றுமோ, ஐந்தாவதில் எடுத்தால் அலட்சியமாகத் தோன்றுமோ என்றெல்லாம் கணக்கு. பாவம், அந்தக் கணக்குக்கு அடித்தளமே இல்லை. அழைப்பவர் காதில் விழும் மணி, எதிர்முனையில் அடிக்கும் மணியின் ஓசையே அன்று. பழைய கம்பித் தொலைபேசியில் இணைப்பகம் அங்கே மணியை அசைக்க ஒரு மின்னோட்டத்தையும், இங்கே நமக்காக ஒரு தனி ஒலியையும் அனுப்பும். இரண்டும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் சத்தியமாக முதல் மணியில் எடுத்திருப்பார். நாம் சத்தியமாக இரண்டு மணி கேட்டிருப்போம்.

இனி அறுந்த கம்பிகளுக்கு வருவோம். ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது? தான்யா ஸ்டைவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மில்லிநொடி. மொழிக்கு மொழி சற்று ஏறி இறங்கினாலும் எல்லாமே அதைச் சுற்றித்தான் இருந்தன. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒற்றைச் சொல் மனத்தில் எழுந்து வாய்க்கு வர ஏறத்தாழ 600 மில்லிநொடி பிடிக்கும். கணக்கு உதைக்கிறதல்லவா? எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம் என்பதுதான் விடை. அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, அந்த இடத்தில் தொடுத்துவிடுகிறோம்.

அந்த ஊகத்துக்கு வாக்கியத்தின் போக்கும் குரலின் ஏற்ற இறக்கமும் உதவுகின்றன. எதிரில் இருந்தால் கண், புருவம், இழுக்கும் மூச்சு, கீழே இறங்கும் கை எல்லாம் சேர்ந்து உதவும். தொலைபேசியில் குரல் மட்டும்தான் மிச்சம். அதுவும் முழுக் குரல் இல்லை. மரபான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரையிலான ஒலியைத்தான் கடத்தும். வளர்ந்த ஆணின் குரலில் அடிப்படை அதிர்வெண் 120 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். அது கம்பியில் ஏறுவதே இல்லை. மேல் அதிர்வுகளை வைத்து மூளைதான் அதைக் கற்பனையாக நிரப்பிக்கொள்கிறது. மேல் முனையில் 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலிகளைப் பிரித்துக் காட்டும் சத்தம் வெட்டுப்பட்டுப் போவதால்தான், முகவரியைச் சொல்லும்போது 'எஃப்'பா, 'எஸ்'ஸா என்று மூன்று முறை கேட்கிறார்கள். இன்னும் அகலமான அதிர்வெண் வரம்பைக் கடத்தும் இப்போதைய அகலப்பட்டைக் குரல் இணைப்புகளில் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது.

தீராதது தாமதம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போகும் அழைப்பைப் பாருங்கள். அந்தச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். 'வர முடியுமா?' என்று கேட்கிறோம். கேள்வி போய்ச்சேரக் கால் நொடி, பதில் திரும்பக் கால் நொடி. அவர் வழக்கமான 200 மில்லிநொடியில் மனமார 'வருகிறேன்' என்று சொல்லியிருந்தாலும் நம் காதுக்கு அது 700 மில்லிநொடி கழித்து வரும் பதில்.

முக்கால் நொடி என்ன பெரிய நேரம் என்று தோன்றும். பேச்சில் அது பெரிய நேரம். அமெரிக்கர், இத்தாலியர், ஜப்பானியரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே 'சரி'யை முன்னால் உள்ள மௌனத்தை மட்டும் நீட்டிப் போட்டுக் காட்டினார்கள். மௌனம் நீள நீள, சொன்னவருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை என்று மூன்று மொழியினரும் மதிப்பிட்டார்கள். 2014-இல் ஜெர்மனியில் நடந்த மற்றொரு ஆய்வு இன்னும் சங்கடமானது: இணைப்பில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்தியபோது, பேசியவர்கள் கம்பியைக் குறை சொல்லவில்லை, எதிர்முனையில் இருந்தவரைக் கவனக்குறைவானவர் என்று எடைபோட்டார்கள். பிணையம் செய்த குற்றத்துக்கு மனிதர் தண்டனை பெறுகிறார். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீங்கள் சொல்லுங்கள்', 'இல்லையில்லை, நீங்கள் சொல்லுங்கள்' என்று முட்டிக்கொள்வதும் இந்தத் தாமதத்தின் கைவேலைதான்.

மௌனத்துக்கு இருக்கும் இந்த விஷத்தைப் பொறியாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பேசாத நேரத்தில் குரலை அனுப்பாமல் விட்டால் அலைக்கற்றையும் மின்கலமும் மிச்சம். ஆனால் அப்படி விட்டதும் காதில் குழி விழுந்ததுபோல் அமைதி, உடனே 'ஹலோ? இருக்கிறீர்களா?' என்று கேட்கத் தொடங்கிவிடுவோம். அதனால் கேட்பவர் பக்கத்திலேயே மெல்லிய இரைச்சலைச் செயற்கையாக உண்டாக்கி அந்தக் குழியை நிரப்புகிறார்கள். 'ஆறுதல் இரைச்சல்' என்பது அதற்குத் தொழில்துறையில் வழங்கும் பெயரின் பொருள். பெயர் வைத்தவருக்கு மனித மனம் தெரிந்திருக்கிறது.

கேட்பவர் போடும் 'ம்' இதைவிடப் பெரிய ஆறுதல். கனடாவைச் சேர்ந்த ஜேனட் பேவலஸ் குழு, நேருக்கு நேர் கதை சொல்ல வைத்து ஒரு சோதனை நடத்தியது. கதை கேட்பவர்களில் சிலரிடம், 'டி' (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே கேளுங்கள் என்று சொல்லிவைத்தார்கள். அவர்களின் தலையசைப்பும் 'அடடா'வும் இடம் பார்த்து விழவில்லை. விளைவு, கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள். முக்கியமாக முடிவைச் சொதப்பினார்கள். கேட்பவரும் சேர்ந்துதான் கதை சொல்கிறார் என்பது முடிவு. தொலைபேசியில் தலையசைப்பு போய்ச்சேராது (ஆனாலும் அசைக்கிறோம், கையையும் வீசுகிறோம்). 'ம்' ஒன்றுதான் அங்கே கயிறு.

இவ்வளவும் எல்லோருக்கும் பொது. சிலருக்குப் பாரம் கூடுதல். திக்கிப் பேசுபவரை நினைத்துப் பாருங்கள். எடுத்த ஒரு நொடிக்குள் 'ஹலோ' வந்தாக வேண்டும். அந்தச் சொல் தொண்டையில் நின்றுவிட்டால், தான் முயன்றுகொண்டிருப்பது எதிர்முனைக்குத் தெரிய வழியில்லை. லைன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள். சமூகப் பதற்றத்தை அளக்க உளமருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் 1987-இல் உருவாக்கிய 24 கேள்விகள் கொண்ட அளவுகோலில், முதல் கேள்வியே பிறர் முன்னிலையில் தொலைபேசியில் பேசுவதுதான். பிறர் காதுகொடுக்கிறார்கள் என்ற அச்சமும் வீண் கற்பனை இல்லை. ஒருபக்கப் பேச்சு மட்டும் காதில் விழும்போது, முழு உரையாடல் விழுவதைவிடக் கவனம் அதிகம் சிதறுகிறது என்று 2010-இல் ஒரு சோதனை காட்டியது. மறுபாதியை ஊகிக்காமல் மூளையால் சும்மா இருக்க முடிவதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்க விரும்பாவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எடுக்காமல் விடும்போது கிடைக்கும் நிம்மதி இருக்கிறதே, அதுதான் அச்சத்துக்குத் தீனி. மணி ஓய்ந்ததும் நெஞ்சு லேசாகிறது. தப்பித்ததற்கு மூளை பரிசு கொடுக்கிறது. அடுத்த மணிக்குத் தயக்கம் ஒரு பிடி கூடுகிறது. அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு தொடர்பு கொள்ளச் சொன்னபோது, மின்னஞ்சலைவிடத் தொலைபேசி சங்கடமாக இருக்கும் என்று பங்கேற்றவர்கள் எண்ணினார்கள். பேசிய பிறகு பார்த்தால் சங்கடம் கூடவில்லை, நெருக்கம் கூடியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது நாமாக நேரம் பார்த்து அழைப்பதைப் பற்றியது. திடீரென்று அடிக்கும் மணியை எடுப்பது வேறு கதை. நானெல்லாம் இன்றும் ஓர் அலுவலகத்தை அழைக்கும் முன் முதல் வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்கிறவன்.

எடுத்தாயிற்று, பேசியாயிற்று. வைப்பது எப்படி? இதற்கும் ஷெக்லோஃபிடம் விடை இருக்கிறது. ஹார்வி சாக்ஸுடன் சேர்ந்து 1973-இல் எழுதினார். பேச்சு தானாக முடிவதில்லை, இருவரும் சேர்ந்து முடிக்க வேண்டும். விஷயம் தீர்ந்ததும் ஒருவர் 'சரி...' என்று இழுப்பார். அதற்குச் சொந்தமாகப் பொருள் கிடையாது. எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை, உனக்கு உண்டா என்று திண்ணையில் இடம் விடுகிற வேலை. எதிராளியும் 'சரி' என்றால் கதவு சாத்தப்படும். 'அப்புறம்?' என்றுவிட்டால் போச்சு, இன்னொரு சுற்று. பிறகு மறுபடி 'சரி', மறுபடி 'சரி', 'வைக்கட்டுமா?', 'ம், வைத்துவிடுங்கள்', 'சரி'. கடைசியில் இருவர் கட்டைவிரலும் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நிற்கும், மற்றவர் முதலில் வைக்கட்டும் என்று.