துவைத்து மடித்துக் கொண்டுவந்த துணி

தடயவியல் மருத்துவர் என்றால் நாள் முழுக்கப் பிணவறையில் இருப்பவர் என்றுதான் சொந்தக்காரர்கள்கூட நினைக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பரிசோதிப்பதும் எங்கள் வேலைதான். பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளையோடு வரும் அம்மா ஒரு கேரிபேக்கை நீட்டுவார், திறந்தால் சோப்பு வாசனை வரும், துணியில் இருந்த தடயம் பெரும்பாலும் துவைத்ததில் போயிருக்கும். "அழுக்கா இருந்துச்சு டாக்டர், அப்படியேவா கொண்டு வர்றது?" அவரைக் குறை சொல்ல மனசு வராது, யாராவது முன்பே சொல்லியிருந்தால்தானே தெரியும்?

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நார்பரோ என்று ஒரு ஊர். 1983-இல் அங்கே 15 வயதுப் பெண் ஒருத்தி பாலியல் வன்முறை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். 1986-இல், கொஞ்ச தூரத்திலேயே, அதே வயதில் இன்னொரு பெண். 17 வயதுப் பையன் ஒருவன் சிக்கினான், இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டும் விட்டான், முதல் கொலையை மட்டும் மறுத்தான். அதையும் அவன்மேல் நிரூபித்துவிடலாம் என்று போலீஸ் போய் நின்றது லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரபணு விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் முன்னால். ரத்தம், விந்து போன்றவற்றில் உள்ள மரபணுவை வைத்து ஆளை அடையாளம் காணும் டிஎன்ஏ ரேகையை அவர் கண்டுபிடித்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

முடிவு யாரும் எதிர்பார்க்காதது: இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை. கொலை வழக்கில் டிஎன்ஏ முதலில் செய்த காரியம் ஒரு நிரபராதியை வெளியே விட்டதுதான். விசாரணை அறையில் பயந்துபோய் வாய் பொய் சொல்லும். துணியில் இருக்கும் கறைக்கு அந்தப் பயம் கிடையாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று, 1983-இல் எடுத்த மாதிரியை, டிஎன்ஏ சோதனை என்ற பேச்சே இல்லாத காலத்தில், யாரோ கெடாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அப்புறம் சுற்று வட்டார ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி எடுத்தும் ஒருவருடையதும் பொருந்தவில்லை. காலின் பிட்ச்ஃபோர்க் என்ற பேக்கரித் தொழிலாளி, கூட வேலை செய்தவரைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தான். ரத்தம் கொடுத்த அந்த ஆள் மதுக்கடையில் உளறியதைக் கேட்ட ஒரு பெண் போலீஸில் சொன்னார். 1987-இல் கைது, 1988-இல் ஆயுள் தண்டனை. ஆய்வகம் தனியாக எதையும் கண்டுபிடித்துவிடாது, சொல்வதற்கு மனிதர்கள் வேண்டும்.

சரி, நம் வீட்டில் யாருக்காவது பாலியல் வன்முறை நடந்தால்? குளிக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை ஆகவே ஆகாது, ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்து மொத்தமும் வீணாகிவிடும். தெரியாமல் துவைத்துவிட்டீர்களா? தூக்கிப் போடாதீர்கள், துவைத்த துணியிலும் சில சமயம் டிஎன்ஏ கிடைக்கும். நாலு நாளுக்குள் வந்தால் உடம்பிலிருந்து மாதிரி எடுக்க வாய்ப்பு அதிகம், அதைத் தாண்டினாலும் வாங்க. எஃப்ஐஆர் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கே வரலாம். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அந்தப் பிள்ளையிடம் மட்டும் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். நாங்கள் ஒரு தடவை கேட்டு எழுதிக்கொள்கிறோம்.