படுத்துவிட்டவரைத் தேடிப்போகும் பஞ்சாயத்து: கேரளத்தின் பாலியேட்டிவ் திட்டம்

கேரளத்தில் நோயால் வீட்டோடு முடங்கியவரைப் போய்ப் பார்ப்பது கிராமப் பஞ்சாயத்தின் வேலை. நோயைக் குணப்படுத்துவதைவிட, வலியையும் வேதனையையும் குறைக்கப் பார்க்கும் இந்தக் கவனிப்புக்குத்தான் பாலியேட்டிவ் என்று பெயர். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண சிகிச்சை, மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தார் கைக்கு வந்து வேர்விட்டது. 2008இல் மாநில அரசு அதையே கொள்கையாக்கியது.

இது புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, சிறுநீரகச் செயலிழப்பு, மூப்பால் எழ முடியாத நிலை எல்லாவற்றுக்கும் உண்டு. ஆஷா பணியாளர், வார்டு உறுப்பினர், ஆரம்ப சுகாதார நிலையம், யாரிடம் சொன்னாலும் பதியலாம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துவையுங்கள். கட்டணம் கிடையாது. மூன்று மாதப் பயிற்சி பெற்ற நர்ஸ் முதலில் வந்து பார்த்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரவேண்டும் என்று முடிவு செய்வார்.

நர்ஸ் வராத நாட்களில்தான் சிக்கலே. சிறுநீர்க் குழாயில் மாட்டிய மூத்திரப் பையைப் படுக்கை மேலேயே வைத்துவிடுவார்கள். அது எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர் திரும்பி ஏறித் தொற்று வரும். காற்று மெத்தை இருந்தாலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் வால் எலும்பின் மேல் தோல் சிவந்து புண்ணாகும். பகலும் இரவும் ஒரே ஆளால் இது முடியாது. அதற்குத்தான் தன்னார்வலர்கள். 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் களப்பயிற்சியும் முடித்த பக்கத்து வீட்டுக்காரர் வாரம் இருமுறை வந்து உட்கார்ந்தால், மருமகள் இரண்டு மணி நேரம் தூங்குவாள். எங்கள் கணக்கில் எந்த மருந்துக்கும் குறையாத உதவி அது.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் விஷயத்தில் வீட்டாரின் பயம் நோயாளியை வதைக்கிறது. 'போதை மருந்து' என்று அலமாரியில் பூட்டிவைத்து, வலி தாங்காமல் கத்தும்போது மட்டும் கொடுக்கிறார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். மருத்துவர் எழுதிய அளவை, வலி வரும்வரை காத்திராமல், கடிகாரம் பார்த்துக் கொடுக்கவேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே கிடைக்கும் மருந்து இது. தீர்வதற்கு நான்கைந்து நாள் முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

நோயாளி இறந்தபின் மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, மருந்து தந்த மையத்தில் ஒப்படையுங்கள். இரவல் கட்டிலையும் மெத்தையையும் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வார்டில் ஒருவர் அதற்காகக் காத்திருப்பார்.